இரண்டாந்தரம் போட்ட வாய்க்கரிசி

அம்மா கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் ஒரு விடியற்காலை போய்விட்டார். கனடாவில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன். முதலில் அழுதான். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "லிங்க் எப்ப வரும் அக்கா?" என்று கேட்டான்.

எனக்கு விளங்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். போனில் பேசவும் படம் பார்க்கவும் தெரியும், அவ்வளவுதான். "நீ டிக்கெட் பாக்கேல்லையோ?" என்றேன்.

"லீவு எடுக்கேலாதக்கா. லைவ் போடுவினம்தானே. நாங்கள் எல்லாரும் இருந்து பாப்பம்."

அப்பா செத்தபோது இந்த லைவ் இல்லை. தம்பி கடன்பட்டோ என்னவோ வந்து சேர்ந்தான். அவன் வரும்வரை அப்பாவை வைத்திருந்தோம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து நேரே வந்து, சப்பாத்தைக் கழற்ற மறந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அந்தச் சப்பாத்தைப் பார்த்துப் பெரியவர்கள் முறைத்தார்கள். ஆனால் வந்தான். இன்டர்நெட் தூரத்தைக் குறைத்துவிட்டது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். என் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. வராமல் இருக்க ஒருவருக்கும் முன்பு துணிவு இருக்கவில்லை. இப்போது அந்தத் துணிவை ஒரு லிங்க் கொடுக்கிறது.

சடங்கைக் காலையில் முடிக்கலாம் என்றிருந்தோம். கனடாவில் அப்போது சாமம், பிள்ளைகள் படுத்துவிடுவார்கள் என்றான் தம்பி. அங்கே விடியட்டும் என்று பொரளையில், சடலத்தை வைத்துச் சடங்கு செய்யும் மலர்ச்சாலையில் அம்மா பின்னேரம்வரை காத்திருந்தார். உயிரோடு இருக்கையிலும் அவன் போனுக்காக இப்படித்தான் காத்திருப்பார்.

கமராக்காரர் வந்து பெட்டியின் தலைமாட்டில் ஒரு விளக்கை நட்டார். எனக்கு உடனே பயம். அந்தச் சூட்டுக்கு அம்மாவின் முகத்துக்கு ஏதாவது ஆகுமோ, வயரில் யாராவது தடக்கி விழுவார்களோ, விளக்கு பெட்டிக்குள் சரியுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கமரா திரும்பும் பக்கமெல்லாம் அழுகை கூடியது. அதுவரை பக்கத்துக் கதிரைக்காரியோடு சீட்டுக்காசு கதைத்துக்கொண்டிருந்த ஒரு மச்சாள், கமரா தன் பக்கம் வந்ததும், "என்ர மாமீ!" என்று நெஞ்சில் அடித்தாள். அது நகர்ந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு, "லண்டனில மகள் பாக்கிறாள்" என்றாள், ஒரு வெட்கமும் இல்லாமல்.

"அவள் பாக்காட்டி அழமாட்டியோ?" என்று கேட்டார் என் சின்னம்மா. அம்மாவின் தங்கை அவர். வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

பிறகு வாய்க்கரிசி. எங்கள் வழக்கத்தில் உரித்துக்காரர் எல்லாரும் போட்ட பிறகு பெட்டியை மூடி ஆண்கள் கொண்டுபோவார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஆகவே எனக்கு அம்மாவின் முகம் அதோடு சரி. காலையிலிருந்து சாவீட்டு அலுவலில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு நிமிடத்தை யாரும் பறிக்கமாட்டார்கள் என்பதுதான் ஆறுதலாக இருந்தது. அரிசி சிந்தக்கூடாது, கண்ணீர் அம்மாவின் மேல் விழக்கூடாது என்று கையையே பார்த்துக்கொண்டு போட்டேன். இனி ஆறுதலாக முகத்தைப் பார்ப்போம் என்று நிமிரும்போது நெற்றியில் திருநீறு ஒரு பக்கம் உதிர்ந்திருந்தது தெரிந்தது. பூசிவிடக் கையைக் கொண்டுபோனேன்.

"அம்மா, ஒருக்கா நில்லுங்கோ!" என்றார் கமராக்காரர். "லைன் விழுந்திட்டுது. நீங்கள் போட்டது போகேல்ல. இன்னொருக்கா போடவேணும்."

"என்னது?" என்றார் சின்னம்மா. "சாவும் ஒருக்காத்தான், அரிசியும் ஒருக்காத்தான். இதென்ன கலியாணவீட்டுப் படமே, மாலையைக் கழட்டிப்போட்டுத் திரும்பப் போட?"

கமராக்காரர் தன் போனை என் காதடியில் நீட்டினார். தம்பியின் குரல். "அக்கா, ஒண்டும் தெரியேல்ல. சுத்திக்கொண்டு நிக்குது. நான்தான் வந்து போடேல்ல, நீங்கள் போடுறதையாவது பாக்க விடுங்கோவன்."

இரண்டாந்தரம் போட்டால் இன்னொரு சாவைக் கூப்பிட்டதாகுமோ என்று எனக்குப் பயம். அடுத்தது யார்? என் மகனா, தம்பியா? ஐயரைப் பார்த்தேன். அவர் எத்தனை லைவைக் கண்டவரோ, "அதில ஒரு பிழையும் இல்லை, போடலாம். கெதியாப் போடுங்கோ" என்றார். மலர்ச்சாலை ஆள் மூடியைப் பிடித்தபடி, "நோனா, தென் வஹன்னத?" என்று கேட்டார். இப்போது மூடட்டுமா என்று சிங்களத்தில்.

திரும்ப அரிசியை எடுத்தேன்.

"இங்கால திரும்புங்கோ அம்மா. தலையைக் குனியாதேங்கோ, முகத்தை மறைக்குது. என்னைப் பாத்துக்கொண்டு போடுங்கோ. ஆ, அப்பிடித்தான்."

சொன்னபடி செய்தேன். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க வந்தவருக்குப் பயந்து நின்ற மாதிரி நின்றேன். விளக்கு கண்ணைக் குத்தியது. கை தன்பாட்டில் போட்டது. வாயில் விழுந்ததா, கன்னத்தில் விழுந்ததா தெரியாது. கமராக்காரர் கட்டைவிரலைக் காட்டினார். நான் திரும்புவதற்குள் மூடி வந்துவிட்டது. திறக்கச் சொல்லிக் கத்தியிருக்கலாம். பின்னால் ஐயர், கார், சுடலையில் எங்களுக்குத் தந்த நேரம், எல்லாம் காத்து நின்றது. கமரா ஆண்களோடு சுடலைக்குப் போனது. நான் வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தோய்ந்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு தம்பி போன் எடுத்தான். கனபேர் பார்த்தார்களாம், முன்பின் தெரியாதவர்கள்கூட அழுகிற முகமும் இதயமும் போட்டார்களாம். சுடலையில் பெட்டி உள்ளே போனதுவரை எனக்கு விபரமாகச் சொன்னான். பெற்ற தாயைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள் நான். அம்மா எரிந்ததை எனக்குச் சொன்னது, வராத தம்பி.

"வீடியோ இருக்கு அக்கா, எத்தினை தரமும் பாக்கலாம்" என்றான்.

"எனக்கு வேண்டாம்."

அவன் பிறகு குரலைத் தாழ்த்தி, "அதில அம்மான்ர முகம் வடிவாத் தெரியேல்ல. வெளிச்சம் கூடி வெள்ளையா இருக்கு. கடைசியா எப்பிடி இருந்தவா அக்கா? சிரிச்ச மாதிரியோ?" என்று கேட்டான்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நிம்மதியாகப் படுத்திருப்பான். எனக்கு அது முடியவில்லை.

"தெரியாதடா. உனக்குத் தெரியவேணுமெண்டு நான் கமராவைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவன் அழுகிறானா, லைன் விழுந்துவிட்டதா என்று தெரியாமல், "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தேன்.