ஷார்ஜாவுக்கு வராத கிரெமான்

அந்த பாட்டில் என் மேசை இழுப்பறையில் ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தது. அலுவலகம் துபாயில், தேராப் பக்கம், வீடு ஷார்ஜாவில். நடுவில் வேலி கிடையாது. வாடகை குறைகிற இடத்தில் ஷார்ஜா தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. துபாயில் வாங்கிய மதுவோடு அந்தக் கோட்டைத் தாண்டினால் போலீஸ், வழக்கு, விசா எல்லாம் கண் முன்னே வந்து போகும். ஊரில் இதைச் சொன்னால் “பாண்டிச்சேரி மாதிரியா?” என்று ஆசையாகக் கேட்கிறார்கள்.

பாட்டிலைக் கொடுத்தவர் என் முதலாளி ஜெரோம். பிரான்சின் அல்சாஸ் பகுதிக்காரர். ஹோட்டல்களுக்கு சீஸும் ஆலிவும் இறக்குமதி செய்கிறோம். பாட்டிலில் இருந்தது கிரெமான், அவர் தம்பி தோட்டத்துத் திராட்சையில் செய்த நுரைக்கும் ஒயின். ஷாம்பேன் செய்கிற அதே முறைதான். ஷாம்பேன் வட்டாரத்தில் செய்யாததால் அந்தப் பெயர் வைக்க முடியாது. அவர் வருத்தத்தோடு இதை விளக்கினார். ராஜபாளையத்துக்காரனான எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் எவ்வளவு நல்ல பாலைக் கிண்டினாலும் அது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகிவிடுமா?

“எந்தச் சாப்பாட்டோடு பொருந்தியது என்று எனக்குச் சொல்ல வேண்டும்” என்றார். ஆட்டுப்பால் சீஸ், கடல் சிப்பி, வெங்காயம் பரப்பிய மெல்லிய ரொட்டி என்று நீண்ட பிரசங்கம் வேறு. எங்கள் பக்கம் இந்த சாஸ்திரம் மொத்தமும் “சைடு டிஷ் என்ன?” என்ற கேள்வியில் அடங்கிவிடும். பதில் மிக்சர், மிஞ்சினால் அவித்த முட்டை.

வேறு சமயமாக இருந்தால் “வெரி நைஸ் சார்” என்று சொல்லிக் கழன்றிருப்பேன். ஆனால் என் லீவு விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்தது. என் மனைவி செல்வியின் தங்கைக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். அல்சாஸில் திராட்சை அறுவடையும் அதே வாரம். தன் அப்பாவோடு தோட்டத்தில் நிற்க அவரும் துடித்துக்கொண்டிருந்தார். கஸ்டம்ஸ் தாள்களில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எங்கள் இருவருக்கு மட்டும்தான். ஒருவர் விமானம் ஏறினால் மற்றவர் இங்கே இருந்தாக வேண்டும்.

“இதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது சார்” என்றேன்.

“மனைவி அவ்வளவு கண்டிப்பா?”

“மனைவி இல்லை சார், ஷார்ஜா.”

“எல்லாக் கணவர்களும் இப்படி வேறு யார் மேலாவது பழி போடுவார்கள்” என்று சிரித்தார். “சனிக்கிழமை இருவரும் என் வீட்டுக்கு வாருங்கள். சாப்பாடு உங்கள் பொறுப்பு.”

அன்று இரவு வீட்டில் செல்வி விசாரணையை ஆரம்பித்தாள். “அவுக ஊர்ல இதுக்கு என்ன திம்பாகளாம்?”

“மாவை மெல்லிசாப் பரப்பி, மேல வெங்காயத்தப் போட்டு சுடுவாங்களாம்.”

“அட, வெங்காய ஊத்தப்பம்! இதுக்கா இம்புட்டு யோசனை?”

ஒரு வாய் குடித்தாலும் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் டாக்ஸி பிடித்தோம். மது இந்தப் பக்கம் வர முடியாததால் மாவு அந்தப் பக்கம் போனது. மாவு வாளி என் மடியில், தோசைக்கல் அவள் மடியில். ஜெரோம் வீட்டில் கீறல் படக் கூடாத கண்ணாடித் தள மின்னடுப்பு. இரும்புக் கல்லைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. “பயப்படாதீங்க சார்” என்று செல்வி தமிழிலேயே சொல்லிவிட்டுக் கல்லை வைத்தாள். முதல் ஊத்தப்பம் வழக்கம்போலப் பிய்ந்தது.

அடுத்ததை அவர் கத்தியும் முள்கரண்டியுமாக வெட்டிச் சாப்பிட்டார். என் இழுப்பறையிலிருந்து முன்தினமே எடுத்துப் போயிருந்த கிரெமானை ஒரு வாய் குடித்தார். எனக்கும் ஊற்றினார். அது புளிப்பாக, நாக்கைச் சுத்தமாகக் கழுவிவிட்டு அடுத்த விள்ளலைக் கேட்டது. உண்மையாகவே பொருந்தியது! நான்காவதற்கு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையாலேயே பிய்த்தார். “ஓரத்தை இன்னும் கொஞ்சம் கருக விடுங்கள். அம்மா அப்படித்தான் சுடுவார்” என்றார்.

செல்வி சட்டுவத்தைப் பிடித்தபடியே திரும்பினாள். “சார், கிரேப்ஸ் எவ்ரி இயர். சிஸ்டர் மேரேஜ் ஒன்லி ஒன் டைம்.”

என் வேலை போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஜெரோம் தட்டில் மிச்சமிருந்த கருகிய ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, “அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்” என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கக் கஷ்டமாகவும் இருந்தது. திரும்பும்போது செல்வி என் வாயில் கிராம்பைத் திணித்தாள். வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்தன்று, முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில், ஜெரோம் வீடியோவில் அழைத்தார். மணப்பெண்ணைப் பார்க்க வேண்டுமாம். போனைத் தலைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அலுவலகத்தில் அவர் முன்னால் இன்னொரு போன் சாய்ந்திருந்தது. அதில் அவர் அப்பா தொப்பியோடு கொடிகளுக்கு நடுவே நின்றார். “இரண்டு இடத்திலும் இருக்கிறேன்!” என்று கத்தினார் ஜெரோம். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை என் கழுத்துக்குள் விழுந்தது.

“ஏங்க, தாலி ஏறிருச்சு! பாத்தீகளா?” என்றாள் செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“பாத்தேன்” என்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஜெரோமுக்குப் பின்னால் தெரிந்த என் நாற்காலியை. அதன் மேல், நான் இதுவரை பார்த்திராத யாருடைய பையோ இருந்தது.