ராவுத்தர் போட்ட ஓட்டை

என் டிரில் மெஷினின் முனைக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை வந்து படுத்தது. விசையிலிருந்து விரலை எடுக்க ஒரு நொடி பிந்தியிருந்தால் அந்தக் கையைத் துளைத்திருப்பேன். முனை சுற்றி ஓய்ந்த பிறகும் கை நகரவில்லை. வெயிலில் கொதித்துக் கிடந்த மொட்டை மாடியில் குந்தியிருந்த பெரியவர் என்னை அண்ணாந்து பார்த்தார். "இங்கிட்டு ஒரு ஊசி எறங்கக் கூடாது தம்பி. போட்டுத்தான் ஆகணும்னா என் கையில போடுங்க" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஜெகதாப்பட்டினத்தில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஐஸ் பிளாண்ட்டின் முதலாளி அவர். ஊரில் எல்லாருக்கும் ராவுத்தர். நான் ஐயா என்று கூப்பிடுவேன். டிப்ளமோ முடித்து ஒரு சோலார் கம்பெனியில் சேர்ந்து, தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர்களில் கான்கிரீட் போடும் இடங்களில் ஆத்தா கலவைச் சட்டி சுமந்தவள். எத்தனையோ மாடிகளுக்கு ஏறியிருக்கிறாள். கலவை காய்ந்த பிறகு அவற்றில் ஒன்றில்கூட அவள் கால் பட்டதில்லை. நானோ மாடியின் வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஏறுகிறவன். அந்தப் பெருமையோடு ஏறியவனை ஒரு உள்ளங்கை நிறுத்திவிட்டது.

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒரு விளம்பரப் பலகை நிறுத்த அந்தத் தளத்தில் போல்ட் அடித்திருக்கிறார்கள். ஓட்டை வழியே உப்புத் தண்ணீர் இறங்கி, உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, ஒரு நாள் கூரையின் அடியிலிருந்து கான்கிரீட் பிளந்து ஐஸ் தொட்டியின் ஓரத்தில் விழுந்தது. ஒரு கை தள்ளி விழுந்திருந்தால் அம்மோனியாக் குழாய். ஐஸைக் குளிர்விப்பது அந்த வாயுதான். கசிந்தால் கண்ணும் மூச்சும் எரிந்துபோகும். அன்று ஒன்றும் உடையவில்லை. ஆனாலும் தெருவே ஈரத் துணியை மூக்கில் பொத்திக்கொண்டு கடற்கரைக்கு ஓடியதாம். அதன்பிறகு ராவுத்தர் தளம் முழுக்கத் தீயில் உருக்கி ஒட்டும் தார்ஷீட் போட்டு, அதன்மேல் வெள்ளைப் பூச்சும் பூசினார். வெள்ளிதோறும் தொழுகை முடிந்து வந்ததும் மாடியேறி, வெறுங்காலால் மூலை மூலையாக மிதித்துப் பார்ப்பார். எங்காவது ஷீட் உப்பியிருந்தால் கால் சொல்லிவிடுமாம்.

ஆகவே ஓட்டை போடாமல் சோலார் பேனல்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கனமான கான்கிரீட் கட்டைகளை அச்சில் வார்த்து, ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, கட்டைகளின் எடையிலேயே இரும்புச் சட்டங்களை நிற்க வைத்தோம். காற்று எவ்வளவு தூக்கும், தளம் எவ்வளவு தாங்கும் என்று நானும் எங்கள் மேலதிகாரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தாங்கும் என்றே வந்தது. மழைத் தண்ணீர் போகச் சுவரடியில் குழாய்கள் இருந்தன. அவை திறந்திருக்கும் என்பது எங்கள் கணக்கில் எழுதாமலே இருந்தது. வேலை முடிந்து பேனல்கள் வரிசையாகப் பளபளத்தபோது ராவுத்தர் நடுவில் நின்று, "மேல வெயிலு, கீழ ஐஸு. வெயில வச்சே ஐஸு போடுறோம். எங்க வாப்பா இருந்தா நம்பியிருக்க மாட்டாரு" என்று சிரித்தார்.

எங்கள் வரைபடத்தில் இல்லாத ஒன்று அந்த மாடிக்கு உண்டு என்பது ஐப்பசியில்தான் எனக்குத் தெரிந்தது. கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வந்தால், கொட்டகை இல்லாத படகுக்காரர்கள் வலைகளை ராவுத்தரின் மாடியில் ஏற்றி வைப்பார்கள். துறைமுகத் திடலில் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். யாரும் அனுமதி கேட்பதில்லை. படகு கட்டினதும் வலை மாடிக்குப் போகும், அவ்வளவுதான். அந்த வருடமும் வானம் கறுத்ததும் வலைகள் ஏறிவிட்டன. பேனல்களைச் சோதிக்க அன்று காலையில் வந்து இறங்கிய நான் பார்த்தபோது, வரிசைகளின் மேலும் இடுக்குகளிலும் பச்சையும் நீலமுமாக வலை மலைபோலக் குவிந்து கிடந்தது.

நான் கத்தினேன். விசைப்படகு டிரைவர் ஒருவர், ஆறடி ஆள், குவியலின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டே, "எதுக்குத் தம்பி பதறுறீங்க? ஒங்க கண்ணாடிக்கு மெத்த போட்டுருக்கோம். காத்துல பறக்காது, குளிராம தூங்கும்" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ராவுத்தரிடம் ஓடினேன். அவர் தர்மசங்கடமாகத் தாடியைத் தடவினார். "மழ விட்டதும் எடுத்துருவாங்க தம்பி. இப்ப எறக்குங்கடான்னு எப்படிச் சொல்றது?"

புயல் எங்கோ வடக்கே விலகிப் போயிற்று. மழை மட்டும் எங்களுக்கு வந்தது. பகலில்தான் கொட்டியது. வெளிப்படிக்கட்டின் உச்சியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வலைகள் சரிந்து நழுவி, சுவரோரமாக மிதந்து, ஒவ்வொரு குழாயின் வாயிலும் போய் அடைத்துக்கொண்டன. தண்ணீர் வெளியேறவில்லை. கைப்பிடிச் சுவருக்கும் படிவாசலின் உயரத் திண்டுக்கும் உள்ளே தளம் கண்மாய்போல நிரம்பத் தொடங்கியது. முதலில் கட்டைகளின் அடிப்பாகம் மறைந்தது. பிறகு பாதிக் கட்டை மறைந்தது. வலை இழுத்த இழுப்பில், சட்டங்களில் நான் உயரத்தில் கட்டி வைத்திருந்த ஒயர்கள் அறுந்து தண்ணீருக்குள் தொங்கின.

கீழே கூரை சொட்ட ஆரம்பித்துவிட்டதாகச் சத்தம் வந்தது. என்னோடு நின்ற ராவுத்தர் படியிறங்கி ஓடி ஐஸ் உடைக்கிறவர்களை எல்லாம் வெளியே விரட்டினார். ஒருவரை மட்டும் விரட்ட முடியவில்லை. மெஷின் ஓட்டும் ஆபரேட்டர் அண்ணன். அம்மோனியாவை எல்லாம் அதன் தொட்டிக்குள் திரும்ப அனுப்பி வால்வுகளை மூடும்வரை அவரால் அகல முடியாது. பாதியில் விட்டுவிட்டு வந்து, கூரை இறங்கினால் ஊரே மூச்சுத் திணறும். அது அவசரப்படுத்தக் கூடிய வேலையும் அல்ல. எங்கள் கட்டைகள், பேனல்கள், நனைந்த வலை, அதற்கும் மேல் ஏறிக்கொண்டே போகும் தண்ணீர். இத்தனைக்கும் கீழே அவர் ஒருவர் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார்.

மூச்சிரைக்க மேலே திரும்பிய ராவுத்தர் கைலியை மடித்துக் கட்டினார். பக்கத்துக் குழாயில் அடைத்துக் கிடந்த வலையை இழுத்துவிடுவதாகத் தண்ணீருக்குள் ஒரு காலை வைக்கப் போனார். நான் அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துவிட்டேன்.

"எறங்காதீங்கய்யா! தண்ணியில கரண்டு இருக்கும்!"

"சோலார் மெயின அமத்தியாச்சுல்ல?"

"அமத்துனாலும் பேனல்ல இருக்குங்கய்யா. வெளிச்சம் இருக்குற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும்."

அவர் வானத்தைப் பார்த்தார். "இந்த இருட்டுலயா?"

"இந்த வெளிச்சம் போதும்யா."

அது இரவாக இருந்திருந்தால் நானே துணிந்து இறங்கியிருப்பேன். பகலாக இருந்ததுதான் எங்களுக்கு வினையாயிற்று. என் பேச்சை அவர் நம்பவில்லை என்றால் பிடித்து வைக்கும் பலம் எனக்கு இல்லை. அவர் உடம்பு என் கைகளுக்குள் முறுக்கிக்கொண்டு நின்றது. கீழிருந்து மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு முறுக்கு தளர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பாமல், படியில் நின்ற அந்த விசைப்படகு டிரைவரைப் பார்த்து ஒரே சொல் சொன்னார்.

"கடப்பாரை."

கடப்பாரை வந்தது. கூடவே அம்மோனியா வேலைக்கு வைத்திருந்த தடித்த ரப்பர் கையுறைகளையும் எடுத்துவரச் சொன்னேன். படிக்கட்டு மாடியின் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, சுவரை ஒட்டி ஏறுகிறது. அதனால் தண்ணீரைத் தொடாமல் சுவரை வெளியிலிருந்து உடைத்து, தேங்கியதைத் திறந்துவிடலாம். ராவுத்தர் கையுறையை மாட்டிக்கொண்டு கடப்பாரையை ஓங்கினார். ஓங்கிய கை நின்றுவிட்டது. அவர் முகத்தில் மழை வழிந்தது. "எங்க அடிக்கணும்? நீ சொல்லு" என்றார். அதுவரை என்னை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவர்.

தளமட்டத்துக்கு மேல் ஒரு செங்கல் விட்டு, கம்பியும் தூணும் இல்லாத இடத்தைத் தொட்டுக் காட்டினேன். வரைபடம் அப்போது என் கையில் இல்லை. கண்ணுக்குள் விரிந்து கிடந்தது. முதல் அடியில் பூச்சு பெயர்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவர் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவருக்குக் கை ஓய்ந்ததும் டிரைவர் கையுறையோடு கடப்பாரையை வாங்கிக்கொண்டு, "தள்ளுங்க மொதலாளி, என் வலதான பண்ணுச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். கடலோரத்துப் பழைய செங்கல், உப்பில் ஊறியது. ஒன்று உள்வாங்கியதும் சுற்றியிருந்தவையும் கழன்றன. "மேல ஏறுங்க!" என்று கத்தினேன். மூவரும் மேல்படிக்குத் தாவினோம். தண்ணீர் ஒரு கன்றுக்குட்டியின் கனத்தோடு பாய்ந்து படிக்கட்டைக் கழுவிக்கொண்டு தெருவுக்கு இறங்கியது.

கட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டின. கீழே மெஷின் சத்தம் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆபரேட்டர் அண்ணன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"வால்வ மூடிட்டியாடா?"

"மூடியாச்சு மொதலாளி. அது என்னங்க, ஒங்க செவுத்துல ஓட்ட?"

"நாந்தான் போட்டேன்" என்றார் ராவுத்தர். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையை விரித்து மழையில் நீட்டினார். முன்பு டிரில் முனைக்குக் கீழே அசையாமல் கிடந்த அதே கை.

இனிமேல் வலையை ஏற்ற விடாதீர்கள் என்று மழை விட்டதும் சொல்லிப் பார்த்தேன். "அது ஆகாதுப்பா. வேணாம்னு சொன்னா அவன் எங்கிட்ட ஐஸு வாங்குவான், சலாம் சொல்ல மாட்டான். நீ ஒன் கண்ணாடிய நகத்து" என்றார். அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். நான் வரைபடத்தைத் திருத்தினேன். படிப்பக்கத்து வரிசையை எடுத்துவிட்டு வலைக்கு இடம் ஒதுக்கி, அதைச் சுற்றி கம்பித் தடுப்பு வைத்தோம். வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குள் 'வலை' என்று தமிழில் எழுதினேன். இன்றுவரை எந்த மாடிக்குப் போனாலும், இங்கே வேறு என்ன வைப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். மிளகாய் காயப்போடுவோம், பந்தல் போட்டுச் சாப்பாடு போடுவோம், பையன் பட்டம் விடுவான் என்று ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று இருக்கிறது. சுவரில் உடைத்த ஓட்டையை ராவுத்தர் அடைக்கவில்லை. ஓரங்களைப் பூசி, வலை போய் அடைக்காமல் கம்பிச் சட்டம் பதித்து, அப்படியே வைத்துக்கொண்டார்.

போன மாதம் பேனல்களைத் துடைத்துச் சோதிக்கப் போயிருந்தேன். ராவுத்தருக்கு இப்போது முட்டி வலி, மாடியேற முடிவதில்லை. படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. வலைகள் தங்கள் கட்டத்துக்குள் ஒழுங்காக மடிந்து கிடந்தன. கீழேயிருந்து, எப்போதும்போல, அதட்டலாகக் குரல் வந்தது.

"ஓட்ட அடச்சிருக்கா பாருப்பா!"

குந்தி உட்கார்ந்தேன். காற்று கொண்டுவந்த சருகும் ஒரு பாலிதீன் பையும் சட்டத்தில் ஒட்டியிருந்தன. அவற்றை எடுத்துப் போட்டுவிட்டுக் கம்பிகளுக்கு நடுவே உள்ளங்கையை நுழைத்தேன். அந்தப் பக்கம் கடற்காற்று கையில் பட்டது.

"தொறந்துதான் இருக்குங்கய்யா!"

கீழே அவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.