கடை டெலிபோனை இன்று நான் எடுத்தேன்

கண்டியில் நான் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரும்புக் கடையில், இன்று காலை முதலாளி சொன்னார்: "இனிமே டெலிபோன நீதான் எடுக்கணும். பேச்சுல யாராச்சும் கோவிச்சுக்கிட்டா, வேற ஆளப் பாத்துக்குவேன்."

அந்தக் கறுப்புக் கருவியை அதுவரை நான் தொட்டதே இல்லை.

மணி அடித்தது. முதலாளி என் பின்னால் வந்து நின்றார். எடுத்துக் காதில் வைத்தேன். மறுபக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

"யாருங்க?" என்றேன்.

"ஹேவாஹெட்ட தேயிலத் தோட்டத்து ஆபீசுங்க. நான் புது கிளாக்கர்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளக்காரத் தொர பக்கத்துல நிக்கிறாரு. தப்பாப் பேசிட்டா ஏசுவாரு."

"பயப்படாமச் சொல்லுங்க, என்ன வேணும்?" என்றேன், மேசையைப் பிடித்துக்கொண்டு.

"தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டுற கத்திங்க."

கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னேன். "சரிதாங்க" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "நல்லாத்தான் பேசுற! நாளைக்குத் தொரமாரே இங்கிலீசுல பேசுவாங்க. அதையும் நீயே எடு."

மத்தியானம் முழுக்க அந்த டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்களே, 'குட் மார்னிங்' வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு துரைமாரிடம் என்ன பேசுவது? தெரிந்தவர்கள் விடிவதற்குள் சொல்லுங்கள்.