கொருக்குப்பேட்டையில் ஒன்று, அத்திப்பட்டில் ஒன்று

எனக்கு இரண்டு சைக்கிள் உண்டு. இதைக் கேட்பவர்கள் கொஞ்சம் வசதிக்காரன் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டுமே பழசாக வாங்கியவை. ஒன்று வீட்டிலிருந்து கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் வரை வரும். மற்றது அத்திப்பட்டு ஸ்டேஷன் வாசலில் ராத்திரி பகலாக எனக்காகக் காத்திருக்கும். காலையில் வீட்டு சைக்கிள், அப்புறம் ரயில், அப்புறம் அந்த சைக்கிள். சாயங்காலம் அதையே திருப்பிப் போட்டால் வீடு. பதினொரு வருடமாக இப்படித்தான் வேலைக்குப் போய் வருகிறேன். என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாவி இருக்கும்.

அத்திப்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஒரு நீளமான இரும்பு வேலி. அதுதான் எங்களுக்கு ஸ்டாண்டு. பக்கத்திலேயே அனல் மின் நிலையம் என்பதால் ஒரு ராத்திரி நிறுத்தினால் போதும், சீட்டின் மேல் கரி படிந்துவிடும். நான் சீட்டுக்கு ஒரு பாலித்தீன் பையை மாட்டிவைப்பேன். பை கிழிந்திருந்தால் அன்றைக்கு பேன்ட்டின் பின்பக்கம் கறுப்பாகிவிடும். சாயங்கால ரயிலில் இடம் காலியாக இருந்தும் ஒருவர் நின்றுகொண்டே வருகிறார் என்றால் அவர் எங்கள் வேலியைச் சேர்ந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

அங்கிருந்து நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டுக்கு நாலு கிலோமீட்டர். அந்த வழியில் கன்டெய்னர் லாரிதான் போகும், ஷேர் ஆட்டோ கிடையாது. சைக்கிள் இல்லாவிட்டால் நடைதான். பைக்கில் போகிறவர்களைக் கை காட்டி நிறுத்தலாம். எனக்கு அது வராது. நான் கூச்சக்காரன். கடையில் மீதிச் சில்லறையைக் கூட வாய் திறந்து கேட்டதில்லை. என் இரண்டு சைக்கிளிலும் பெல் இருக்கிறது, இரண்டும் புதுசு மாதிரியே இருக்கும். முன்னால் யாராவது நடந்து போனால் அவர்களாக விலகுகிற வரைக்கும் பின்னாலேயே மெதுவாகப் போவேன்.

யார்டில் என் வேலை, இறக்கி வைக்கும் சரக்குக்கு அடியில் கட்டை வைப்பது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் சரக்கைத் தூக்கிவரும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். டிரைவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அனுமதி வாங்கி ஓட்டிப் பழகினேன். கை நன்றாகவே வந்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் ஒரே ஒரு குறைதான் சொன்னார்.

"எல்லாம் கரெக்டா பண்றய்யா. ஆனா ஹாரன் அடிக்க மாட்டேன்றியே. கன்டெய்னர் மூலைல திரும்பச்சொல்ல அந்தாண்ட ஆள் வரது எப்படித் தெரியும்? அடிய்யா, உன் மாமியார் வூட்டுதா அது?"

நான் தலையாட்டினேன். அடிக்கத்தான் முடியவில்லை. அத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்களே!

அவரே என் பெயரைத் தேர்வுக்குக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணி. தேர்வு வைப்பவர் வெளியிலிருந்து வருவார். மூன்று பேரை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உடனே வேறு யார்டுக்குக் கிளம்பிவிடுவார். முதல் பெயர் என்னுடையது. கூப்பிடும்போது இல்லாதவன் பெயரை அடித்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார்கள். அடுத்த தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது. தேறினால் வண்டி ஓட்ட அனுமதி அட்டை கொடுப்பார்கள். அட்டை வந்தால் கட்டை வைப்பதை விட்டு வண்டியில் ஏறி உட்காரலாம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் காற்று பலமாக அடித்து, எங்கேயோ மரக்கிளை முறிந்து மின் கம்பியில் விழுந்துவிட்டதாம். ரயில் ஓடவில்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்திப்பட்டு சைக்கிளிலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். எண்ணூர் பாலம் ஏறி இறங்கி, கத்திவாக்கம், திருவொற்றியூர் என்று இடது பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வீட்டு மாடிப்படிக்குக் கீழே அதை நிறுத்தினேன். காலையில் ஸ்டேஷனில் பூட்டிய வீட்டு சைக்கிளை ஞாயிற்றுக்கிழமை நடந்து போய் எடுத்துவந்து அதன் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டும் ஒரே இடத்தில் நின்றது அன்றைக்குத்தான். இரண்டுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

"இன்னாயா இது, வூடா சைக்கிள் கடையா?" என்று கேட்டாள் மனைவி.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டேன். மாடிப்படிக்குக் கீழே போனேன். வழக்கம்போல வீட்டு சைக்கிளை எடுத்தேன். அதை வெளியே கொண்டுவர அத்திப்பட்டு சைக்கிளை ஒரு பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தினேன். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் பூட்டினேன். ரயில் ஏறினேன். வழியெல்லாம் மனதுக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டே போனேன். ஏழரை மணிக்கு அத்திப்பட்டில் இறங்கி, இரண்டாவது சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிக்கு வந்தேன்.

என் சைக்கிள் இல்லை.

திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். வேலியில் என் இடத்துக்குப் பக்கத்து இடம் மீன் விற்கும் ஓர் அம்மாளுடையது. என் வயதுதான் இருக்கும். காசிமேட்டில் மீன் எடுத்து, ரயிலில் கொண்டுவந்து, இங்கே தன் லேடீஸ் சைக்கிளின் கேரியரில் அலுமினியப் பாத்திரத்தை ட்யூப்பால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். எத்தனையோ வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் பூட்டுகிறோம், ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"என் சைக்கிளப் பாத்தீங்களா?"

அவர் பாத்திரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அட, பேசுவியா நீ? நான் ஊமைன்னுல்ல நென்ச்சிகினு இருந்தேன்!"

"இங்கதாங்க நிறுத்தியிருந்தேன்."

"இன்னா நைனா ஒளர்ற? சனிக்கெழம ரயில் ஓடலன்னு நீதான அத மெரிச்சிகினு போன? நான் ஷேர் ஆட்டோல குந்திகினு போச்சொல்ல பாலத்தாண்ட உன்னப் பாத்தனே."

அப்போதுதான் மாடிப்படிக்குக் கீழே அதை ஒரு பக்கமாக நகர்த்தியது ஞாபகம் வந்தது. சாவி கையில் இருந்தது, சைக்கிள் வீட்டில் இருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் விடவில்லை, இன்னா விஷயம் இன்னா விஷயம் என்று கேட்டார். இரண்டு சைக்கிள், எட்டு மணி, தேர்வு, முதல் பெயர் என்று நாலு வார்த்தையில் சொன்னேன்.

"ரெண்டு சைக்கிள் வெச்சிகினு நட்ந்து போறவன இப்பதான் பாக்குறேன்" என்று சிரித்தார். பிறகு ட்யூப்பை அவிழ்த்துப் பாத்திரத்தைக் கீழே இறக்கினார். "ஏறு. நீ மெரி. நான் பாத்திரத்த மடில வெச்சிகினு பின்னால குந்திக்கிறேன். நான் விக்கிற தெருவுல எட்டரைக்குத்தான் கதவே தொறப்பாங்க."

"வேணாங்க, யாராவது பாத்தா..."

"பாத்தா இன்னா? கண்ணு கீது, பாக்குறான். இல்ல நான் மெரிக்கிறேன், நீ மீன வெச்சிகினு பின்னால குந்து. எது வோணும் சொல்லு."

ஏறி மிதித்தேன். முன்கூடையில் தராசும் கத்தியும் கிடந்து குலுங்கின. பின்னால் அவர், அவர் மடியில் ஒரு பாத்திரம் சங்கராவும் கானாங்கத்தையும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஐஸ் தண்ணீர் தளும்பி இஸ்திரி போட்ட என் சட்டையின் முதுகில் வழிந்தது. அந்த ரோட்டில் பள்ளத்துக்குக் குறைவில்லை. முன்னால் ஏழெட்டுப் பேர் ரோட்டை அடைத்துப் பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தேன்.

"இன்னாத்துக்கு ஸ்லோ பண்ற? பெல் அடி!"

"போயிடுவாங்க."

"அவன் எங்க போவான்? எட்டு மணி ஆயிடும். அது இன்னா, சாமிக்கு மாட்டின மணியா? அடியா!"

அடித்தேன். அவர் சைக்கிள் பெல் சாதாரண பெல் இல்லை, மூன்றாம் மாடியில் இருப்பவரை மீன் வாங்கக் கூப்பிடுகிற பெல். ஏழெட்டுப் பேரும் துள்ளி விலகினார்கள். அப்புறம் நான் கட்டைவிரலை எடுக்கவே இல்லை. எதிரே வந்த லாரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "தலீவா, மீனு எவ்ளோ?" என்று கத்தினார். பின்னாலிருந்து பதில் பறந்தது: "வண்டிய நிறுத்திட்டுக் கேளுடா, பறந்துகினே கேக்குறான்!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கியது, சிரிப்பும் நிற்கவில்லை.

யார்டு கேட்டுக்கு வந்தபோது எட்டாக இரண்டு நிமிஷம் இருந்தது. ராத்திரி ஷிப்ட் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வாட்ச்மேன், "இன்னா மாமு, மாப்ள ஊர்வலமா?" என்றார். வேறொரு நாளாக இருந்தால் செத்தே போயிருப்பேன். அன்றைக்கு உள்ளே ஓடினேன். அந்த அம்மாள் அதற்குள் பாத்திரத்தைக் கீழே வைத்து, ராத்திரி ஷிப்ட் ஆட்களைப் பார்த்து, "வூட்டுக்கு வெறுங்கையோட போனா பொண்டாட்டி திட்டுவா, வா வா" என்று ஆரம்பித்திருந்தார்.

தேர்வு வைக்க வந்தவர் என் பக்கத்தில் நின்று மூக்கைச் சுளித்தார். வண்டியில் ஏறினேன். சரக்கைத் தூக்கினேன், தாழ்வாக வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் மூலை வந்தது. கன்டெய்னர் சுவர் மாதிரி நின்றது, அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் ஹாரனில் உட்கார்ந்தது. இரண்டாவது மூலையிலும் அப்படியே. மூன்றாவது மூலையில் நிஜமாகவே ஓர் ஆள் காதில் செல்போனோடு வந்துகொண்டிருந்தார், ஹாரனைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். சரக்கைக் கட்டை மேல் இறக்கி வைத்தேன். அந்தக் கட்டையை வைத்தது வேறு ஆள்.

"போதும்பா, எறங்கு. யார்டுக்கே காது போச்சு" என்றார் தேர்வு வைத்தவர். தாளில் ஏதோ எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தார். சூப்பர்வைசர் என் முதுகைத் தட்டிவிட்டு, தட்டிய கையை மோந்து பார்த்தார்.

"பாஸுய்யா. ஆமா, எங்கருந்து வர நீ?"

"மீன் வித்துட்டு வரேன் சார்" என்றேன். நான் சூப்பர்வைசரிடம் சொன்ன முதல் ஜோக் அது.

கேட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். அந்த அம்மாள் காலிப் பாத்திரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் பதிலுக்கு ஒரு தரம் பெல் அடித்துவிட்டுக் கிளம்பினார். இப்போதெல்லாம் அவருக்கு முதல் வியாபாரமே எங்கள் கேட்டில்தான். பாத்திரத்தை என் கேரியரில் கட்டிவிட்டு அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு கிலோமீட்டரும் நடந்தே ஸ்டேஷனுக்கு வந்தேன், கால் வலிக்கவில்லை. மறுநாள் விடியற்காலை அத்திப்பட்டு சைக்கிளை அதன் வேலியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகக் கொருக்குப்பேட்டையிலிருந்து யார்டு வரைக்கும் மிதித்தேன். சாயங்காலம் அதை வேலியில் பூட்டி, சீட்டுக்குப் புதுப் பையை மாட்டி, ரயிலேறிக் கொருக்குப்பேட்டையில் இறங்கினேன். முதல் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டு முழுக்கத் தேடினேன்.

வீட்டு சைக்கிள் வீட்டில் இருந்தது.

நடந்து போய்க் கதவைத் தட்டினேன். மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு மாடிப்படிக்குக் கீழே நின்ற சைக்கிளைப் பார்த்தாள். "அவ்ளோ பெரிய வண்டிய உன்ன நம்பி எப்படியா குட்த்தாங்க?" என்றாள்.