தபால் காருக்கு வந்த புது ஃபில்டர்

எங்கள் ஊரைச் சுற்றியிருக்கும் கோதுமைப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகிறவள் கிளெனிஸ் டிரெகென்சா. காலையில் தபால் நிலையத்தில் நான் பைகளைப் பிரித்துக் கொடுப்பேன். அவள் கடிதங்களையும் பார்சல்களையும் பண்ணை வரிசைப்படி காரில் அடுக்கிக்கொண்டு கிளம்பினால், மாலி வட்டாரத்து மண் ரோடுகளில் சுற்றிவிட்டுத் திரும்ப மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். தபால் பெட்டிக்குள் சுருண்டிருந்த பாம்பு, கேட்டைத் திறந்ததும் பாயும் நாய், மழை பெய்தால் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் சேறு, எதைப் பற்றியும் என்னிடம் அவள் அலுத்துக்கொண்டதில்லை. அவளுடைய பொறுமையைப் பிடுங்கி எறியக்கூடியவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவன் லின்சி. அவளுடைய முன்னாள் புருஷன்.

லின்சி கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பாள். ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடித்துவிட்டுக் கத்தமாட்டான், யாரையும் வையமாட்டான். ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் அதை இன்னும் நன்றாக ஓடவைக்கலாமே என்று அவனுக்குக் கை ஊறும். கழற்றுவதில் கெட்டிக்காரன். திரும்ப மாட்டுவது மட்டும் அவனுக்குக் கைவந்ததே இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க வாஷிங் மெஷின் சமையலறைத் தரையில் பிரிந்து கிடந்தது. அவள் அழுக்குத் துணி மூட்டையோடு என் வீட்டுக்கு வந்து போனாள். குளிர் விட்டதும் வக்கீலைப் பார்க்கப் போனாள்.

பிரிந்த பிறகு அவன் இரண்டு தெரு தள்ளிக் குடியேறினான். அவ்வளவுதான் பிரிவு. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். அவளும் போடுவாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பூனைக்குப் போடலையா?" என்றாள்.

போன வருஷம் அறுவடை நேரத்தில் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. மகன் டேமியன் மெல்போர்னில் கார் சாமான் கடை ஒன்றில் வேலை செய்கிறான். போன் செய்வது அபூர்வம், பார்சல் மட்டும் தவறாமல் வரும். அந்த வருஷப் பார்சலை அவள் என் கவுண்டரிலேயே பிரித்தாள். உள்ளே கோன் ஐஸ்கிரீமைத் தலைகீழாகக் கவிழ்த்தது மாதிரி சிவப்பாக ஒரு ஏர் ஃபில்டர், பளபளக்கும் வளைந்த குழாய் ஒன்று, வளையக் கிளிப்புகள், ஒரு வாழ்த்து அட்டை. 'அம்மா, இனி உன் இன்ஜின் நன்றாக மூச்சு விடும். மாற்றவே வேண்டாம், கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம்.'

"பொறந்தநாளைக்கு ஒரு சட்டை அனுப்பினா இவன் குறைஞ்சா போயிடுவான்?" என்றாள் கிளெனிஸ்.

ஆனாலும் குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுவடைக் காலத்தில் பதரும் புழுதியும் காற்றில் கலந்தே இருக்கும். காகித ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், அவளும் மாற்றி மாற்றிச் சலித்திருந்தாள். கழுவிப் போடலாம் என்ற வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது.

"மாட்டித்தான் பாப்பமே. சனிக்கிழமை சும்மாதான இருக்கேன்" என்றாள்.

அதைச் சொன்ன நேரம் சரியில்லை. தபால் நிலையத்துச் சுவரில் இருக்கும், கடிதமே வராத தன் பெட்டியை அன்றாடம் திறந்து பார்க்க வரும் லின்சி அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தான்.

"எதை மாட்டப் போற?" என்றான், கண்கள் விரிய.

சனிக்கிழமை நான் ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது காரின் பானெட் திறந்திருந்தது. இன்ஜினுக்கு மேல் லின்சியின் முதுகு மட்டும் தெரிந்தது. கிளெனிஸ் கையில் செய்முறைக் காகிதத்தோடு பின்னால் நின்றாள்.

"யோவ், முதல்ல சென்சார் ஒயரைப் புடுங்கணும்னு போட்டிருக்கு. நீ எதைப் புடுங்கற?"

"காகிதத்துல ஆயிரம் போடுவான். கைக்கு எது வருதோ அதை எடுக்கணும்."

"கைக்கு வந்தது எல்லாத்தையும் எடுத்துத்தான என் மெஷின் போச்சு."

"அந்த மெஷினை இன்னுமா பேசற?"

"சாகற வரைக்கும் பேசுவேன்."

பழைய ஃபில்டர் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி கழன்று வந்தது. லின்சி அதைப் புல்தரையில் எறிந்தான். புதுக் குழாயை வைத்துப் பார்த்தபோது அது நீளமாக இருந்தது. நுனியில் இருந்த கோன் பேட்டரியில் போய் முட்டியது. டேமியன் அனுப்பியது இதே காரின் அடுத்த வருஷ மாடலுக்கானது என்பது காகிதத்தின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. கிளெனிஸ் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"அவ்வளவுதான. பேட்டரியை நகர்த்திட்டாப் போச்சு" என்றான் லின்சி.

"என் பேட்டரியில கை வெச்ச, சோறு கிடையாது."

அவன் உடனே கையை எடுத்துவிட்டான். சோறு என்றால் அவனுக்குப் பயம் உண்டு. பிறகு அவள் இரும்பறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து குழாயைத் தானே அறுத்தாள். அவன் பக்கத்தில் நின்று "கொஞ்சம் சாய்ச்சு, சாய்ச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் அறுப்பதை நிறுத்தி, "இன்னொரு தடவை சாய்ச்சுன்னு சொன்னே, உன்னைச் சாய்ச்சிடுவேன்" என்றாள். ஒருவழியாகக் குழாய் உட்கார்ந்தது. கிளிப்பை முடுக்கும்போது அவன் ஸ்க்ரூ ஒன்றை இன்ஜினுக்குள் தவறவிட்டான். அதைத் தேடி எடுப்பதற்குள் அடுப்பிலிருந்த ஆட்டுக்கறி வறண்டுபோயிற்று.

சாவியைத் திருப்பினாள். கார் கிளம்பியது. அது கார் சத்தமாகவே இல்லை. வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானம் வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. எதிர்வீட்டு நாய் வேலிக்கு அடியில் புகுந்துகொண்டது.

"ஆஹா! கேட்டியா? மூச்சு விடுது!" என்றான் லின்சி.

"இது மூச்சா? கொறட்டை" என்றாள் கிளெனிஸ்.

திங்கட்கிழமை அவள் அதே காரில்தான் தபாலுக்குப் போனாள். எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று பண்ணை தாண்டிப் போகும்போதும் சத்தம் கேட்டது. அன்று வடக்கிலிருந்து அனல்காற்று வேறு. வயல்களில் அறுவடை இயந்திரங்கள் பதரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. பழைய பெட்டி இருந்தவரை காற்று ஒரு சின்ன வாய் வழியாகத்தான் உள்ளே போகும். இப்போதோ கோன் இன்ஜின் பக்கத்தில் மூடியில்லாமல் நின்றுகொண்டு, எதிரே வந்த எல்லாவற்றையும் உறிஞ்சியது.

ரண்டெல் பண்ணைக்கு முன்னால் உள்ள மேட்டில் கார் திணறியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இருமியது. எப்படியோ கேட் வரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தி, பானெட்டைத் திறந்தாள். சிவப்பு கோன் பழுப்பாகிவிட்டிருந்தது. மேலே பதர் கம்பளி போர்த்தியது போல ஒட்டியிருந்தது.

பண்ணைக்காரி மெர்னா ரண்டெல் வெளியே வந்தாள். எழுபது வயது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

"சத்தம் கேட்டு யாரோ பிளேனைத்தான் எறக்கறாங்கன்னு நெனச்சேன். என்ன கிளெனிஸ் இது?"

"பொறந்தநாள் பரிசு" என்றாள் கிளெனிஸ். கோனைக் கழற்றிக் கேட் கம்பத்தில் மடார் மடாரென்று அடித்தாள். புழுதி இருவர் மேலும் படிந்தது. அந்த அடியில் பாதி மகனுக்கும் மீதி லின்சிக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"மறுபடியும் மாட்டினா மறுபடியும் அடைக்குமே" என்றாள் மெர்னா.

"அடைக்கும். உங்க வீட்டுல பழைய காலுறை இருக்குமா? மெலிசா, நீளமா, பொம்பளைங்க போடறது?"

மெர்னா உள்ளே போய் நெடுநேரம் தேடினாள். கடைசியில் சர்ச்சுக்குப் போட்டுப் போகிற நல்ல ஜோடியையே கொண்டுவந்தாள். "பழசு எல்லாம் தக்காளிச் செடியைக் கட்டப் போயிடுச்சு. இதை எடுத்துக்கோ. தையலைக் கிழிக்காத" என்றாள். கிளெனிஸ் ஒரு காலைக் கோனுக்கு மாட்டி, நுனியை முடிச்சுப் போட்டாள். புழுதி துணியில் தங்கியது, காற்று உள்ளே போயிற்று. ஒவ்வொரு பண்ணையிலும் இறங்கிக் காலுறையைக் கழற்றி உதறி உதறி, மீதித் தபால் எல்லாவற்றையும் கொடுத்து முடித்தாள். தபால் நிலையத்துக்குத் திரும்பியபோது அவளுடைய முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது.

"பழைய டப்பாவைத் திரும்பப் போடறேன். இன்னிக்கே. இப்பவே" என்றாள்.

நானும் தபால் நிலையத்தைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன். புல்தரையில் பெட்டி இல்லை. கொட்டகையில் இல்லை. நேராக லின்சியின் வீட்டுக்குப் போனோம்.

"டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"லின்சி."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு நேத்திக்கு முற்றத்தை ஒழுங்கு பண்ணினேன். குப்பை எல்லாம் குப்பைமேட்டுல போட்டுட்டு வந்துட்டேன். புது ஃபில்டர்தான் இருக்கே, இனி அது எதுக்குன்னு…"

கிளெனிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவனுடைய வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்கப் புழுதி சேறானது. அப்போதுதான் அவள் அழுகிறாள் என்பதே எனக்குத் தெரிந்தது.

"நான் கேட்டனா?" என்றாள். "உன்னை யாராச்சும் கேட்டாங்களா? உங்க ரெண்டு பேருக்கும், அப்பனுக்கும் மகனுக்கும், எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது வாயைத் தொறந்து கேக்கத் தோணாதா?"

லின்சி உள்ளே போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தான்.

குப்பைமேடு அன்று திறக்கும் நாள் இல்லை. காவல்காரனுடைய வீட்டுக்குப் போய்க் கெஞ்சிச் சாவி வாங்கி வந்தான். வெயில் சாய்கிற வரை அவன் குவியலில் முழங்கால் புதைய நின்று கிளறினான். நாங்கள் இருவரும் வேலிக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கறுப்புப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தான். மறு கையில் ஒரு மேசை விசிறியும் ஒரு டோஸ்டரும் இருந்தன.

"இது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. சின்ன ரிப்பேர்தான்" என்றான்.

கிளெனிஸ் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பெட்டியை அவளே கழுவி, காகித ஃபில்டரைப் போட்டு, அவளே மாட்டினாள். பழைய கிளிப்புகளில் ஒன்று உடைந்திருந்தது. அங்கே கம்பியைச் சுற்றி முறுக்கினாள். அதுவரை லின்சி முற்றத்துக் கோடியில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்தான். எழுந்தால் போச்சு என்பது உத்தரவு. அவன் எழவில்லை.

அன்று இரவு அவள் மெல்போர்னுக்குப் போன் செய்தாள். நான் அடுக்களையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாட்டினோம்டா. ஆமா, சத்தம் கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு… இல்ல, கழட்டிட்டேன்… கோவிச்சுக்காத. நல்ல சாமான்தான், இந்தப் புழுதிக்கு ஒத்துவராது… அடுத்த வருஷம் எதுவும் அனுப்பாத. நீயா போன் பண்ணு. காசு மிச்சம் உனக்கு."

மறுமுனையில் அவன் ஏதோ நீளமாகச் சொல்லியிருக்க வேண்டும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் துண்டை மாட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மெர்னாவுக்கு அவள் புதுக் காலுறை இரண்டு ஜோடி வாங்கிக் கொடுத்தாள். சிவப்பு கோனை லின்சி கேட்டு வாங்கிப் போய்த் தன் பழைய பிக்கப்பில் மாட்டிக்கொண்டான். அதிசயமாக, அதில் சரியாகவே உட்கார்ந்தது. இப்போது காலையில் நாங்கள் கடிதம் பிரித்துக்கொண்டிருக்கும்போதே விமானச் சத்தம் தெருக்கோடியில் கிளம்பிவிடும். கிளெனிஸ் தலை நிமிராமலே, "வரான் பாரு" என்பாள். மீதி மூட்டையை வாரிக் காரில் போட்டுக்கொண்டு, அவன் வந்து சேர்வதற்குள் பண்ணை ரோட்டில் திரும்பிவிடுவாள்.