நாலு ஹீட்டரும் ஒரு கேத்திலும்

என் மாமாவுக்கு மின்சாரம் தெரியாது என்று யாராவது சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். ஊரில் அவர் றேடியோ திருத்தியவர். அவர் திருத்திய றேடியோக்கள் பிறகு பாடினவா என்று மட்டும் யாரும் விசாரித்ததில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் நியூசிலாந்தில் நியூ லின்னில் ஒரு பழைய பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குளிர்காலத்தில் அந்த வீட்டுக்குள் இருப்பதைவிட முற்றத்து வெயிலில் நிற்பது சுகம். எங்களோடு இருந்த சித்தியைப் பெண் பார்க்க, எப்சமிலிருந்து மாப்பிள்ளையும் தாயாரும் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வருவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு மனுரேவாவில் வேலை. ஆகவே பொறுப்பெல்லாம் மாமாவின் தலையில்.

சித்திக்கு ஒரே கவலைதான். தொலைபேசியில் எப்போதும் தாயார்தான் பேசினார். மாப்பிள்ளையின் குரலை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"வாய் திறக்காத ஆளை நான் எப்பிடிக் கட்டுறது? ஊமையோ எண்டும் தெரியாது" என்றார் சித்தி.

"கட்டினாப் பிறகு காலம் முழுக்கக் கதை" என்று அம்மா அந்தக் கதையை முடித்துவிட்டார்.

மாமாவின் கவலை வேறு. "விறைச்ச சனம் ஓமெண்டு சொல்லாது" என்பது அவருடைய கட்சி. எங்கள் ஹீட்டர் இரண்டு, அவர் வீட்டு ஹீட்டர் ஒன்று, தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கியது ஒன்று என்று நாலையும் ஹோலில் நாலு மூலைக்கு வைத்தார். சூடு வெளியே போகாமல் ஹோல் யன்னல்களைப் போர்வையால் மூடினார். ஹோலில் இருந்ததோ ஒரே ஒரு பிளக். அதில் ஒரு மல்டி பிளக்கைச் செருகி, நாலு வயரையும் அதற்குள் கொண்டுவந்தார். போட்டதும் பியூஸ் போய்விட்டது. அந்தப் பழைய வீட்டில் விளக்குக்கும் பிளக்குக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ். மாமா கொஞ்சமும் அசரவில்லை. மீட்டர்ப் பெட்டியில் முன்னதைவிட மொத்தமான கம்பியை முறுக்கிவிட்டு வந்தார். வீடு எரியாமல் தப்பியது எங்கள் குலதெய்வத்தின் தயவு.

"இனி ஒரு சொட்டு லோட்டும் தாங்காது. ஒருத்தரும் கேத்திலில கை வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்" என்றார். அதனால் அம்மா ஹீட்டர்கள் நிற்கும்போதே அந்தக் கரண்ட் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, பெரிய பிளாஸ்க்கில் ஊற்றிக் குசினியில் வைத்தார்.

இருட்டும் நேரத்தில் வந்தவர்கள் ஹோலில் இருந்தார்கள். ஹோல் நல்ல சூடு. அம்மா மாப்பிள்ளையைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டார். தாயார் பதில் சொன்னார். மாமா மாப்பிள்ளையிடம் நியூசிலாந்து பிடிச்சுதோ என்று கேட்டார். தம்பிக்குப் பிடிச்சுது என்றார் தாயார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதும், தாயார் முந்திக்கொள்வதும், அவர் வாயை மூடுவதுமாக இருந்தது. சித்தி எழுந்து தேத்தண்ணீர் போடக் குசினிக்கு வந்தார். பிஸ்கட் நப்பாசையில் நானும் பின்னால் போனேன்.

பிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீர் இருந்தது. சித்தி அதைப் பார்த்தார். ஹோல் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு கேத்திலை நிரப்பிச் சுவிச்சைத் தட்டினார். கொஞ்ச நேரம் அது சீறியது. பிறகு டப்பென்று வீடு முழுக்க இருட்டு. சாமித்தட்டின் சின்ன எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது.

ஹோலில் மாமாவின் குரல் கேட்டது. "ஏரியா முழுக்கக் கரண்ட் போயிட்டுது போல."

தன் வயரிங்கில் பிழை என்று மனிதர் எப்படி ஒத்துக்கொள்வார்? வந்தவர்களும் எங்கள் ஊர்ச் சனம். கரண்ட் போனால் பியூஸைப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் எங்கே? "எப்ப விடுவாங்களாம்?" என்று கேட்டுவிட்டு, தாயார் காலை மடக்கி வசதியாக இருந்து, ஊரில் சண்டைக் காலத்தில் வருசக்கணக்கில் இருட்டில் சமைத்த கதையைத் தொடங்கிவிட்டார்.

எனக்கோ குசினி யன்னலால் எல்லாம் தெரிந்தது. "சித்தி, நெக்ஸ்ட் டோர் லைட் எரியுது" என்று சொல்லிக்கொண்டே ஹோலுக்கு ஓடப் பார்த்தேன். சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தி, வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டு, யன்னலின் கிழிந்த திரைச்சீலையை இழுத்து மூடினார்.

அப்போது மாப்பிள்ளை மெழுகுதிரி தேடி உள்ளே வந்தார். கை கேத்திலில் பட்டது. தொட்டுப் பார்த்தார், சுட்டது. பக்கத்தில் இருந்த பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தார், பாரமாக இருந்தது.

"ஹீட்டர் நாலும் ஒரே பிளக்கிலயோ?"

"ஓம்."

"அதுக்கு மேல கேத்தில்."

"நீங்கள் கதைப்பீங்களோ எண்டு பாத்தன்" என்றார் சித்தி.

"அம்மா விட்டால் கதைப்பன்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊமை இல்லை என்பது மட்டும் விளங்கியது.

ஹோலிலிருந்து தாயார், "தம்பி, வெளியில எங்கயும் லைட் தெரியுதோ?" என்று கேட்டார். மாப்பிள்ளை திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கினார். பக்கத்து வீடு முழுக்க வெளிச்சம், எதிர்வீட்டிலும் வெளிச்சம். நல்லாய்ப் பார்த்தார். பிறகு திரைச்சீலையைத் திரும்ப மூடி, இழுத்தும் விட்டார்.

"இல்லையம்மா. கரண்ட் வர நேரம் செல்லும்" என்றார்.

ஹோலில் நாலு ஹீட்டரும் ஆறிப்போய்க் கிடந்தன. குளிருக்குப் பயந்து இந்த இரண்டு பேரும் ஒரு கிழிந்த திரைச்சீலையைப் போய் இப்படி நம்பி நிற்கிறார்களே என்று எனக்கு அன்றைக்குப் பாவமாக இருந்தது.