பேசாமல் வைத்த அழைப்புகள்

அந்தக் கறுப்புத் தொலைபேசியை அண்ணாச்சி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மும்பையில், செம்பூரில் ஒரு லாரி போக்குவரத்து அலுவலகம். மேசை போன்களை எல்லாம் கழற்றிவிட்டு இனிமேல் கம்ப்யூட்டர் வழியாகவே பேசுவது என்று முடிவாகியிருந்தது. தலையில் ஹெட்போன், திரையில் ஒரு பச்சைப் பொத்தான், அவ்வளவுதான். வயர் சுருட்ட வந்த ஆள் கை நீட்டியபடி நின்றான். வண்டிகளை அனுப்பும் பொறுப்பில் இருந்த அண்ணாச்சி, "இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டுமே" என்று கெஞ்சினார். டிரைவர்களை இந்தியில் விரட்டுகிற குரல் அது. அது கெஞ்சி நான் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் பயம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் கணக்குப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில நாள் மத்தியானத்தில் அந்த போன் அடிக்கும். எதிர்முனையில் பேச்சே இருக்காது. அண்ணாச்சியோ ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஹலோ, யாரு, சொல்லுங்க" என்று தேவைக்கு மேல் பேசிக்கொண்டே இருப்பார்.

போன் பறிபோன அன்று டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னார். மகள் ஒரு மராட்டிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோது, தாராவி வீட்டு வாசலில் நின்று, "இனிமே எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று கத்தியிருக்கிறார். அவளுடைய எண்ணைத் தன் மொபைலில் பிளாக் செய்ததும் அவர்தான். பிறகு அவள் அந்த எண்ணையே மாற்றிவிட்டாள்.

"அவதாம்மா ஆபீசுக்குக் கூப்பிடுதா. எம்மவ மூச்சு எனக்குத் தெரியாதா? இப்ப இதையும் புடுங்கிட்டானுவ. அவ எங்க போயித் தேடுவா?"

அலுவலக எண் மாறாது, அதே அழைப்புதான் கம்ப்யூட்டரில் வரும் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. அதன்பின் ஓரிடத்தில் உட்காரவில்லை மனிதர். ஹெட்போனை மாட்டுவார், கழற்றுவார், வாசல்வரை போய்த் திரும்புவார். "ஏம்மா, இதுல சத்தம் வருமுல்லா?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்பார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கணக்கு ஓடவில்லை.

ஒரு மத்தியானம் கம்ப்யூட்டரில் அழைப்பு வந்தது. அவர் தடுமாறி ஹெட்போனை எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ஆனால் திரையில் ஓர் எண் அப்படியே இருந்தது. பழைய போனில் எண் தெரியாது.

"இது யாரு நம்பரு?"

"இப்பக் கூப்பிட்டவங்களோடதுதான், அண்ணாச்சி. தொட்டா திரும்பப் போகும்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். மவுசை அங்கும் இங்கும் இழுத்ததில் அவராக அழுத்தினாரா, தானாக அழுந்தியதா, எனக்குத் தெரியாது. ஹெட்போன் வயரைச் சரியாகச் செருகவில்லை போல. மணிச்சத்தம் ஸ்பீக்கரில் அலுவலகம் முழுக்கக் கேட்டது. அதன்பின் ஒரு பெண்குரல்.

"அப்பாவா?"

தட்டச்சுச் சத்தம் எல்லாம் நின்றது.

"கூப்பிட்டா பேசணும்லா? பேசாம பேசாம வச்சா என்ன அர்த்தம்?" என்று அதட்டினார் அண்ணாச்சி. குரல் பாதியில் உடைந்துவிட்டது.

"நீங்கதான பேசக்கூடாதுன்னு சொன்னீங்க. அதான் நீங்க பேசுறத மட்டும் கேட்டுட்டு வச்சிருவேன்."

இப்போது நான் மாட்டுங்காவில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மடிக்கணினியில் அழைப்பு வரும், காதுக்குள்ளேயே பேசி முடிந்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் யார் அழுதாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு சில நாள் என்னை எழுந்து ஜன்னலுக்கு நடக்க வைக்கிறது.

அண்ணாச்சியின் மகள் அப்போது மான்குர்த்தில் இருந்தாள். செம்பூரிலிருந்து ரயிலில் கோவண்டி, அடுத்தது மான்குர்த். அன்று மாலையே கிளம்பிய அண்ணாச்சிக்குப் பாதியில் கால் வரவில்லையாம். கோவண்டியிலேயே இறங்கி, பிளாட்பாரத்தில் அங்கும் இங்கும் நடந்துவிட்டு, தன் மொபைலிலிருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"என்னால வர முடியலம்மான்னு சொன்னேன். அங்கயே இருங்கன்னா. அடுத்த வண்டியிலயே வந்து நிக்கா" என்றார் மறுநாள் என்னிடம். "சப்பாத்திக்கு மாவு பெசஞ்சிட்டு இருந்திருக்கா போல. கையக்கூடக் கழுவாம ஓடி வந்திருக்கா, புள்ள."